கிழிந்த கைலியும் வீண்பொருளன்று!



நம் இல்லத்து அலமாரிகளை ஒருமுறை திறந்து பாருங்கள். பெருநாள் இரண்டுக்கும் புத்தாடை, உறவினர் திருமணத்திற்குத் தனி ஆடை, பள்ளி திறந்தால் புதிய சீருடை என்று துணிகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றுக்கு இடம் விட்டு வெளியேறும் பழைய துணிகள் எங்கே செல்கின்றன? பெரும்பாலும் குப்பைத் தொட்டிக்கு. அதே வீட்டின் சமையலறைக் கதவுக்குப் பின்னால் பாருங்கள். கடைகளிலிருந்து வந்த பாலிதீன் பைகள் ஒன்றுக்குள் ஒன்றாகத் திணிக்கப்பட்டுத் தொங்கிக் கொண்டிருக்கும்.

பயன்படக்கூடிய துணி வீட்டை விட்டு வெளியே போகிறது. ஒரே நாளில் குப்பையாகக்கூடிய பிளாஸ்டிக் வீட்டுக்குள்ளே வருகிறது. இந்த இரண்டு தவறுகளையும் ஒரே வேலையால் சீர்செய்ய முடியும். பழைய துணிகளிலிருந்து வீட்டுக்குத் தேவையான பொருட்களை நாமே செய்துகொள்வதுதான் அந்த வேலை. அதில் பிள்ளைகளையும் சேர்த்துக் கொண்டால், வீண் விரயம் கூடாது என்று நூறு முறை சொல்வதைவிட ஆழமாக அந்தப் பாடம் அவர்களுடைய உள்ளத்தில் பதியும். அதை எவ்வாறு செய்வது என்பதை இக்கட்டுரையில் விரிவாகப் பார்ப்போம்.

நம் முன்னோர் அறிந்த கலை

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட வித்தையன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம்முடைய ஆடையைத் தாமே தைத்துக் கொள்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். நம் பாட்டிமார்கள் நைந்த பருத்திச் சேலையைத்தான் பிள்ளைக்குத் தூளியாகக் கட்டினார்கள். பாரம் சுமப்பவர் தலையில் பழந்துணியே சும்மாடாக அமர்ந்தது. ஊறுகாய் ஜாடியின் வாயில் பழைய வெள்ளைத் துணியால் வேடு கட்டினார்கள்.

வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கடுக்காக வைத்துத் தைத்த 'காந்தா' போர்வைகள் இன்று உலகப் புகழ் பெற்றிருக்கின்றன. கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி மக்கள், ஆப்பிரிக்க வம்சாவளியினர். அவர்களில் முஸ்லிம்களும் கணிசமாக உள்ளனர். அம்மக்களின் பெண்கள் கிழிந்த துணித் துண்டுகளை ஒட்டுத்தையல் போட்டு 'கவந்த்' என்னும் போர்வை தைக்கின்றனர். அதன் நான்கு மூலைகளிலும் மடித்த துணித் துண்டுகளைப் பூவைப்போல் வைத்துத் தைத்தால்தான் போர்வை நிறைவு பெற்றதாகக் கருதுகின்றனர். பழந்துணியில் செய்வதென்பதற்காக அழகைக் குறைக்க வேண்டியதில்லை என்பதை அவர்களிடம் கற்றுக் கொள்ளலாம்.

இந்தப் பழக்கம் நம்மை விட்டுப் போனது அண்மைக் காலத்தில்தான். இன்று நாம் கடைகளில் வாங்கும் கைப்பிடியுள்ள பாலிதீன் பைக்கு ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் ஸ்டென் குஸ்தாஃப் துலின் என்பவரின் வடிவமைப்பில் 1965ஆம் ஆண்டு காப்புரிமை பெறப்பட்டது. அதன்பின் ஓரிரு தலைமுறைக்குள் அது உலகத்தையே சுற்றி வளைத்துவிட்டது. மழைக் காலத்தில் நம் தெருச் சாக்கடைகள் அடைத்துக் கொள்வதையும், குப்பை மேட்டில் மேயும் மாடுகள் உணவோடு பாலிதீனையும் விழுங்குவதையும் கண்ணாரக் கண்டு வருகிறோம்.

தமிழக அரசு 14 வகையான, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களை 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பட்டது. 2022 ஜூலை 1 முதல் ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்கு நாடு முழுவதும் தடை வந்தது. ஆயினும் சட்டம் கடை வாசல் வரைதான் வரும். நம் வீட்டு அடுப்படிக்குள் வர வேண்டியது நம்முடைய பழக்கம்தான்.

முதலில் கொடுத்தல், பிறகு வெட்டுதல்

கத்திரிக்கோலைக் கையில் எடுக்கும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுக் கொள்ளுங்கள். 'இந்த ஆடையை இன்னொருவர் மகிழ்ச்சியோடு உடுத்த முடியுமா?' முடியுமென்றால் அதை வெட்டாதீர்கள். துவைத்து, தேய்த்து, அறுந்த பொத்தானைத் தைத்து, தேவையுள்ளவரிடம் கண்ணியத்தோடு சேர்த்துவிடுங்கள். பிள்ளை வளர்ந்துவிட்டதால் சிறிதாகிப் போன நல்ல சட்டை இந்த வகையைச் சேர்ந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கறை படிந்த, கிழிந்த, சாயம் போன ஆடைகளை மூட்டை கட்டி ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, தர்மம் செய்துவிட்டதாக எண்ணிக் கொள்வது சரியா? நாம் உடுத்த வெட்கப்படுவதை அவர்கள் மட்டும் எப்படி உடுத்துவார்கள்? வெள்ளம், புயல் போன்ற பேரிடர் நேரங்களில் நிவாரண முகாம்களுக்கு வந்து குவியும் துணிகளில் உடுத்த இயலாதவற்றைப் பிரித்தெடுப்பதே தொண்டர்களுக்குப் பெருஞ்சுமையாகி விடுவதுண்டு. அத்தகைய துணிகளுக்கு நம் வீட்டிலேயே வேலை கொடுக்க வேண்டும்.

ஆகவே பிள்ளைகளை உட்கார வைத்து மூன்று குவியல்களாகப் பிரிக்கச் சொல்லுங்கள். கொடுக்கத் தக்கவை ஒன்று. தைத்துச் சீராக்கி நாமே உடுத்தத் தக்கவை ஒன்று. இனி உடுத்தவே இயலாதவை ஒன்று. நாம் வெட்டப் போவது மூன்றாவது குவியலை மட்டும்தான். எது எந்தக் குவியலுக்குப் போகும் என்று பிள்ளைகளே முடிவு செய்யட்டும். தாம் விரும்பி அணிந்த ஆடையைக் கொடுக்க மனமில்லாமல் ஒரு பிள்ளை தயங்கினால் அதட்டாதீர்கள். பிறருக்குக் கொடுப்பது என்றால் என்ன என்பதை அந்தப் பிள்ளை கற்றுக் கொள்ளும் நேரம் அதுதான்.

துணியெல்லாம் பருத்தியன்று

இங்கே பலரும் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. பிளாஸ்டிக்கை ஒழிப்பதற்காகத் துணியை எடுக்கிறோம். ஆனால் அந்தத் துணியே பிளாஸ்டிக்காக இருந்தால் என்ன செய்வது?

பாலியெஸ்டர், நைலான், அக்ரிலிக் ஆகிய மூன்றும் பிளாஸ்டிக் இழைகளே. பாலியெஸ்டர் இழை 1941ஆம் ஆண்டு இங்கிலாந்தில் உருவாக்கப்பட்டது. தண்ணீர்ப் புட்டி செய்யப்படும் அதே பொருளைத்தான் இழையாக நூற்கிறார்கள். இத்தகைய துணிகளைத் துவைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் உதிர்ந்து நீரில் கலக்கின்றன. இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, 6 கிலோ செயற்கைத் துணியை இயந்திரத்தில் ஒருமுறை துவைத்தால் 7 லட்சம் நுண்ணிழைகள் வரை வெளியேறக்கூடும். கடலில் சேரும் முதல்நிலை நுண்பிளாஸ்டிக் துகள்களில் ஏறத்தாழ 35 சதவீதம் செயற்கைத் துணிகளைத் துவைப்பதால் வருபவை என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2017இல் மதிப்பிட்டது.

எனவே ஒரு விதியை வைத்துக் கொள்ளுங்கள். அடிக்கடி நனைபவை, சூடு படுபவை, உணவைத் தொடுபவை ஆகியவற்றுக்குப் பருத்தி மட்டுமே உகந்தது. செயற்கைத் துணியைத் துவைக்க வேண்டியிராத பொருட்களுக்கு ஒதுக்குங்கள். தலையணைத் திண்டுக்குள் அடைக்கலாம். மிதிவண்டிக்கு உறை தைக்கலாம். பரணில் உள்ள பாத்திரங்களைச் சுற்றி வைக்கலாம்.

துணி எவ்வகை என்று எப்படி அறிவது? உட்புறத்தில் தைக்கப்பட்டுள்ள சீட்டைப் பாருங்கள். சீட்டு இல்லையென்றால் ஓரத்திலிருந்து நான்கைந்து நூலை உருவி, இடுக்கியால் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். பருத்தி நூல் காகிதம் எரிவதுபோல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் நூல் சுருங்கி உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். இரண்டும் கலந்த துணி எரியவும் செய்யும், ஓரத்தில் கட்டியும் தட்டும். இச்சோதனையைப் பெரியவர்கள் மட்டுமே செய்ய வேண்டும். பிள்ளைகள் தள்ளி நின்று பார்க்கட்டும்.

தேர்ந்தெடுத்த பருத்தித் துணிகளை வெந்நீரில் சோப்பிட்டுத் துவைத்து நல்ல வெயிலில் உலர்த்துங்கள். சாயத் துணியாக இருந்தால் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஒட்டினால் அது உணவுக்கு ஆகாது, மிதியடிக்கு ஆகும்.

ஒரு கைலியில் மூன்று பைகள்

தமிழ் முஸ்லிம் இல்லங்களில் கைலி இல்லாத வீடு கிடையாது. உட்காரும் இடத்தில் நைந்து போனாலும் மற்ற பகுதிகள் உறுதியாகவே இருக்கும். தையலைப் பிரித்து விரியுங்கள். வெளிச்சத்திற்கு நேரே பிடித்தால் நைந்த இடம் தெரிந்துவிடும். அதை நீக்கிவிட்டு, 90 சென்டிமீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் அகலமும் உள்ள துண்டுகளாக வெட்டுங்கள். பெரும்பாலும் மூன்று துண்டுகள் கிடைக்கும்.

ஒரு துண்டை நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு நடுவில் மடியுங்கள். இரு பக்க ஓரங்களையும் இரட்டைத் தையலாகத் தைத்து, வாய்ப் பகுதியை 3 சென்டிமீட்டர் மடித்துத் தைத்துத் திருப்பினால் பை தயார். கைப்பிடிக்கு 60 சென்டிமீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலமுள்ள இரண்டு பட்டைகள் வேண்டும். ஒவ்வொன்றையும் நான்காக மடித்துத் தைத்து, வாய் ஓரத்தில் பொருத்துங்கள். பை அறுவது பெரும்பாலும் கைப்பிடி சேருமிடத்தில்தான். ஆகவே அங்கே சதுரமாக ஒரு தையலும் அதற்குள் குறுக்காக ஒரு தையலும் போடுங்கள். பருத்தி நூலால் தைத்தால் பை முழுவதும் பிளாஸ்டிக் இல்லாததாக அமையும்.

ஊசியே தேவையில்லாத பை ஒன்றும் உண்டு. ஆண்கள் அணியும் கையில்லாத வெள்ளை பனியனை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் தோள்பட்டைகள் இரண்டும் ஆயத்தமான கைப்பிடிகள். பனியனின் அடி ஓரத்தை 2 சென்டிமீட்டர் அகலமும் 6 சென்டிமீட்டர் நீளமும் உள்ள வால்களாக வெட்டி, முன்வாலையும் பின்வாலையும் சேர்த்து இறுக முடிச்சிட்டால் போதும். ஆறேழு வயதுப் பிள்ளைகள் தாமே முடிச்சிடுவார்கள். பனியன் துணி எடை ஏறினால் இழுபடும். ஆகையால் கீரை, ரொட்டி போன்ற இலேசான பொருட்களுக்கு இது ஏற்றது. வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் கைலிப் பையே ஏற்றது.

முழுக்கைச் சட்டையின் கை, இயற்கையாகவே ஒரு குழாய். மணிக்கட்டுப் பட்டையை நீக்கி அந்த முனையைத் தைத்து மூடுங்கள். அகன்ற முனையை மடித்துத் தைத்து அதற்குள் நாடாவைக் கோத்தால் சுருக்குப் பை ஆகிவிடும். ஒரு சட்டைக்கு இரண்டு பைகள்! பருப்பு, சர்க்கரை, கடலை வாங்க இவற்றைக் கொண்டு செல்லலாம். வெறும் பையை முதலில் தராசில் வைத்து அதன் எடையைக் கழிக்குமாறு கடைக்காரரிடம் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் பொருளை டப்பாவில் கொட்டிவிடுங்கள். துணிப் பையிலேயே வைத்திருந்தால் ஈரமும் பூச்சியும் சேரும்.

அடுப்படிக்கு வேண்டியவை

பாத்திரம் தேய்க்கும் வண்ணப் பஞ்சுகள் பெரும்பாலும் பிளாஸ்டிக்கே. அவை தேயத் தேய நுண்துகள்கள் நீரில் சேர்கின்றன. அதற்குப் பதிலாகப் பழைய பனியனை 25 சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டி, இரண்டை ஒன்றாக வைத்து ஓரம் தைத்துக் கொள்ளுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டிய பாத்திரங்களுக்கு முற்றிக் காய்ந்த பீர்க்கங்கூடு இருக்கிறது. இத்துணிகளை அன்றாடம் அலசி வெயிலில் உலர்த்துங்கள்; வாரம் ஒருமுறை கொதிநீரில் போட்டு எடுங்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் நாற்றமும் கிருமியும் பெருகும்.

சூடான பாத்திரத்தைப் பிடிக்கும் பிடிதுணிக்கு ஜீன்ஸ் துணி சிறந்தது. 18 சென்டிமீட்டர் சதுரத்தில் மேலும் கீழும் ஜீன்ஸ் துணியும், நடுவே மூன்றடுக்குப் பனியன் துணியும் வைத்துக் குறுக்கும் நெடுக்குமாகத் தையுங்கள். இழுபடும் தன்மையுள்ள ஜீன்ஸில் செயற்கை இழை கலந்திருக்கும். அது சூட்டில் இளகும் என்பதால் அதைப் பைக்கு வைத்துக் கொள்ளுங்கள்.

சாயமில்லாத வெள்ளை வேட்டியும் பழைய துப்பட்டியும் அடுப்படிக்குக் கிடைத்த செல்வம். இட்லித் துணி, பால் வடிகட்டும் துணி, தயிர்ச் சட்டிக்கு வேடு கட்டும் துணி ஆகியவை அவற்றிலிருந்து கிடைக்கும். கொத்தமல்லியையும் புதினாவையும் நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். பாலிதீன் பையில் வியர்த்து அழுகுவதுபோல் அழுகாமல் சில நாட்கள் பசுமையாக இருக்கும். எஞ்சிய சிறு துண்டுகளைக் கைக்குட்டையாக ஓரம் தைத்துச் சாப்பாட்டு மேசையில் அடுக்கி வைத்தால் காகிதக் கைக்குட்டைக்கும் வேலையிராது.

பருத்திச் சேலை இருந்தால் மிதியடி பின்னலாம். ஓரத்தில் 5 சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டுப் போட்டுக் கையால் இழுத்தால், நெசவு வழியே நேராகக் கிழிந்து வரும். அந்தச் சத்தத்திலேயே பிள்ளைகளுக்குப் பாதி மகிழ்ச்சி! மூன்று நாடாக்களைச் சடையாகப் பின்னி, நத்தை ஓடுபோல் வட்டமாகச் சுற்றிக் கொண்டே அடுத்தடுத்த சுற்றுகளைத் தைத்து இணையுங்கள். இறுக்கிச் சுற்றினால் கிண்ணம்போல் குழிந்துவிடும். ஆகவே தரையில் பரப்பி வைத்தே தைக்க வேண்டும்.

எந்த வயதில் எந்த வேலை?

நான்கைந்து வயதுப் பிள்ளைகள் நிறம் பார்த்துப் பிரிக்கவும் மடிக்கவும் செய்யலாம். ஆறேழு வயதில் முடிச்சிடவும் சடை பின்னவும் வரும். எட்டொன்பது வயதில் கண் பெரிதான ஊசியைக் கொடுத்து ஓட்டுத்தையல் கற்றுக் கொடுங்கள். பத்து வயதுக்கு மேல் அளவெடுத்துக் கோடிட்டு வெட்டலாம். பள்ளியில் படித்த சென்டிமீட்டர் அப்போதுதான் கைக்கு வரும். தையல் இயந்திரத்தைப் பன்னிரண்டு வயதுக்குப் பின், பெரியவர் அருகில் இருக்கும்போது மட்டும் தொடட்டும். ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்ற வேறுபாடு இதில் வேண்டாம். ஊசியைப் பிடிப்பது ஆணுக்கு இழுக்கு என்று எண்ணுவோர், மேலே சொன்ன நபிவழியை நினைத்துக் கொள்ளட்டும்.

சில எச்சரிக்கைகள் அவசியம். தொடங்கும் முன் எத்தனை ஊசிகள் என்று எண்ணி வையுங்கள். முடிந்ததும் அத்தனையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெட்டியெடுத்த பொத்தான்களைப் புட்டியில் சேர்த்து, தவழும் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். நீண்ட நாடாக்களைக் கழுத்தில் சுற்றி விளையாட விடாதீர்கள்.

பிள்ளை தைத்த தையல் கோணலாக இருந்தால் பிரித்து நீங்கள் தைக்காதீர்கள். கோணலாக இருந்தாலும் அந்தப் பையையே கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். தன் கைவேலையைத் தன் தந்தை சுமந்து செல்வதைக் காணும் பிள்ளை, அடுத்த பையைக் கவனமாகத் தைக்கும்.

பயன்படுத்தினால்தான் பயன்

இறுதியாக ஒரு செய்தி. துணிப் பை என்பதாலேயே அது நன்மையாகி விடாது. பருத்தி விளையவும் நெய்யவும் சாயமிடவும் ஏராளமான நீர் செலவாகிறது. ஒரு பருத்திச் சட்டைக்கு 2,700 லிட்டர் என்பது உலக வனவிலங்கு நிதியம் சொல்லும் கணக்கு. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே ஒருமுறை பயன்படும் பாலிதீன் பையைவிடப் புவி வெப்பமாதலுக்குக் குறைவான காரணமாக அமைய, புதிய பருத்திப் பை ஒன்றை 131 முறை பயன்படுத்த வேண்டும். வாரம் மூன்று முறை என்று கொண்டால் ஏறத்தாழ பத்து மாதங்கள்!

நாம் தைக்கும் பைக்குப் புதிதாகப் பருத்தி விளைய வேண்டியதில்லை. அந்த நீர் ஏற்கெனவே செலவாகிவிட்டது. பழந்துணியின் சிறப்பு இதுவே. ஆனாலும் இருபது பைகளைத் தைத்து அடுக்கி வைத்துவிட்டு, மறந்து போய்க் கடையில் பாலிதீன் பை வாங்கி வந்தால் என்ன பயன்? மூன்று பைகள் போதும். ஒன்று வண்டியில், ஒன்று வாசல் ஆணியில், ஒன்று கைப்பைக்குள் மடித்து இருக்கட்டும். வாசலில் தொங்கும் பையை நினைவூட்டும் பொறுப்பைப் பிள்ளையிடமே கொடுங்கள்.

ரமளானில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கச் செல்லும் பிள்ளைகள் முன்பெல்லாம் தூக்குவாளியோடுதான் சென்றார்கள். கொதிக்கும் கஞ்சியைப் பாலிதீன் பையில் ஊற்றி வாங்கும் வழக்கம் பல இடங்களில் நுழைந்துவிட்டது. இது உடலுக்கும் நல்லதன்று, ஊருக்கும் நல்லதன்று. இவ்வாண்டு உங்கள் பிள்ளை, தானே தைத்த கைலிப் பையில் தூக்குவாளியை வைத்து எடுத்துச் செல்லட்டும். குர்பானி இறைச்சியைப் பங்கிடும் நாளிலும் மூடியுள்ள பாத்திரத்தை அதே பையில் வைத்துக் கொடுத்தனுப்புங்கள். ஒரு வீட்டுப் பிள்ளை செய்வதைப் பார்த்துத் தெருப் பிள்ளைகள் செய்வார்கள். தெரு செய்வதைப் பார்த்து மஹல்லா செய்யும்.

வருகிற விடுமுறை நாளில் அலமாரியைத் திறங்கள். முதல் கைலியை எடுத்து விரியுங்கள். எதையும் வீணாக்காத இல்லங்களாக நம் இல்லங்களை ஆக்கி, அந்தப் பண்பில் நம் சந்ததிகளை வளர்த்தெடுக்க வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக!